வியாழக்கிழமைப் பிள்ளைகள்

ஜூலை 3

டீச்சரம்மாவுக்கு,

வந்து சேர்ந்துட்டேன். சொல்லாம கிளம்பினவ போய்ச் சேர்ந்தாளான்னு நீ கவலைப்பட்டியோ இல்லியோ, தெரிஞ்சுக்கோ.

போன் பண்ணலாம்தான். பண்ணா நான் கத்துவேன், நீ வாயை மூடிட்டு இருப்பே, அது என்னை இன்னும் கத்த வைக்கும். மெசேஜ்ல திட்டினா அரை நிமிஷத்துல பதில் வந்து நிக்கும். எனக்கு உன் பதில் உடனே வேண்டாம். நான் எழுதறதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சுட்டு எழுது. தபால் போய் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் கொஞ்சம் ஆறிக்கலாம்.

வருஷத்துக்கு ஒரு லீவு. அதுல நான் பாத்தது என்ன? வாண்டோட சட்டையைத் துவைக்க எடுத்தா சிகரெட் நாத்தம். பஸ்ல பக்கத்துல எவனாவது பிடிச்சிருப்பான்னு நினைச்சேன். பெத்தவ மனசு பூனை மாதிரி, கண்ணை மூடிக்கும். அடுத்தது பேன்ட் பாக்கெட்ல லைட்டர். கூப்பிட்டுக் கேட்டேன். என்னை விட ஒரு முழம் உசரமா வளர்ந்தவன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சித்திக்குத் தெரியும்மா"ங்கறான்.

லைட்டர் சுடலை. அந்த வார்த்தை சுட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை தவறாம என்கிட்ட பேசுவே. "நல்லா இருக்கான்க்கா, நல்லா சாப்பிடறான்க்கா." அவன் அப்பா செத்தப்ப அவன் ஒண்ணாங்கிளாஸ். அதுக்கப்புறம் எனக்கு இருந்தது நீ ஒருத்திதான். உன் கையில பிடிச்சுக் கொடுத்துட்டுத்தான் கடல் தாண்டி இந்த நர்ஸ் வேலைக்கு வந்தேன். வேலியே பயிரை மேஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். மாடு மேயறதை வேலி வேடிக்கை பாத்துச்சுன்னு சொல்றேன்.

சிகரெட்டை விட வைக்கன்னு நீயே ஸ்கூல்ல ஒரு குழு நடத்தறியாம். அதுல அவனும் உக்காந்திருக்கானாம். அங்க என்ன பேசறான்? யார் பழக்கினது? ஏன்? நான் அவனை விட்டுட்டு இங்க வந்ததாலயா? மத்ததெல்லாம் கிடக்கட்டும், இந்த ஒண்ணு எனக்குத் தெரியணும்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

ரெண்டு தடவை இல்லை, நிறையத் தடவை படித்தேன். வேலி என்று சொன்னது வலித்தது. ஆனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், வலியைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியில் கழிவறையில் யாராவது சிகரெட்டோடு மாட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போனவன் வீட்டில் சும்மா உட்கார்ந்து இன்னும் நாலு பிடித்துவிட்டுத் திரும்பி வருவான். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் ஹெட்மாஸ்டரிடம் அனுமதி கேட்டேன். "பரீட்சை ரிசல்ட் கெடாமல் என்னமோ பண்ணுங்க" என்றார். வியாழக்கிழமை சாயங்காலம், வகுப்பு முடிந்ததும், கெமிஸ்ட்ரி லேபில். முதலில் ஒருத்தரும் வரவில்லை. நானும் பிப்பெட்டுகளும்தான். பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் போய்ச் சொன்னேன்: அங்கே பேசுவது அந்த அறையை விட்டுப் போகாது. வீட்டுக்கும் போகாது, ஆபீஸுக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறப்பேன். அடுத்த வாரம் ஒருத்தன் வந்தான். அவன் இன்னொருத்தனை இழுத்து வந்தான்.

ஒரு வியாழக்கிழமை வாண்டு வாசலில் நின்றான். உன்னிடம் அவனே வாய் திறந்துவிட்டதால் இதை மட்டும் சொல்கிறேன்.

"நீங்க இங்க சித்தியா, டீச்சரா?"

"உள்ளே வந்தால் டீச்சர்."

"அப்ப அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்க."

எனக்கு யோசிக்க நேரமில்லை அக்கா. சொல்லுவேன் என்றால் திரும்பிப் போயிருப்பான், தனியாகப் பிடித்துக்கொண்டிருப்பான். "மாட்டேன்" என்றேன். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை போன் மணியை நாலைந்து தடவை அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். உன்னிடம் பொய் சொல்லவில்லை. நல்லா இருக்கிறான், சாப்பிடுகிறான், எல்லாம் நிஜம். ஆனால் நிஜத்தை வைத்துக்கூட ஒருத்தியை ஏமாற்றலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அங்கே நான் பாடம் நடத்துவதில்லை. நுரையீரல் படத்தை மாட்டிப் பயமுறுத்துவதும் இல்லை. அந்தப் படம் சிகரெட் டப்பாவிலேயே இருக்கிறது, அவர்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு எடுக்கிறார்கள். எந்த நேரத்தில் கை தேடுகிறது, யாரோடு இருக்கும்போது, அப்போது என்ன செய்யலாம், இதைத்தான் பேசுவோம். மூச்சை ஊதிப் பார்க்கும் ஒரு சின்ன மெஷின் வாங்கியிருக்கிறோம், உடம்பில் எவ்வளவு புகை நிற்கிறதென்று காட்டும். யாருக்குக் குறைவு என்று போட்டி. ஒரு பெண் எல்லாரையும் முந்திவிட்டாள். பேர் வேண்டாம், புறா என்று வைத்துக்கொள். வந்த புதிதில் யாரோடும் பேசாமல் தொட்டிக் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். இப்போது விட்டே விட்டாள். மற்ற பையன்களுக்கு யோசனை சொல்வதே அவள்தான்.

ஏன் என்று கேட்டாய். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அதைக் கேட்டால் உனக்கு ஆறுதலாக இருக்குமா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது, சொன்னால் பாதியைச் சொன்ன மாதிரி. அவனிடமே கேள். பொறுமையாகக் கேள்.

தங்கை


ஜூலை 28

படிச்சேன். ரெண்டு தடவை.

இங்க நான் பாக்கறது குறைமாசக் குழந்தைங்களை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள உள்ளங்கை அளவு கிடக்கும். தாய்க்காரி வெளியில நின்னு எது கேட்டாலும் நாங்க சொல்லணும். எவ்வளவு பால் இறங்குச்சு, மூச்சு எங்க நின்னுச்சு, எடை ஏறுச்சா. பெத்தவளுக்கு அந்த உரிமை உண்டு. "உன் குழந்தைகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன், சொல்ல மாட்டேன்"னு நான் ஒருத்திகிட்டயும் சொன்னதில்லை.

அவன்கிட்டயே கேளுன்னே. கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா"ன்னான். மறுபடி கேட்டேன். "சார்ஜ் இல்லம்மா"ன்னான்.

நீ சொல்லாததுலயே எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு. என்னாலதான். இல்லைன்னா "இல்லைக்கா"ன்னு ஒரு வார்த்தை எழுத உனக்கு என்ன வலிக்குது?

ஒப்பந்தம் முடியற வரைக்கும் நான் இங்கிருந்து அசைய முடியாது. அசைஞ்சா வேலையும் போச்சு, இதுவரைக்கும் பட்டதும் போச்சு. கையைக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. கட்டிப் போட்டவளுக்கு வாய் மட்டும்தான் மிச்சம். அதனால உன் ஹெட்மாஸ்டருக்கு எழுதிட்டேன். பெத்தவங்களுக்குத் தெரியாம பிள்ளைங்களைக் கூட்டி வெச்சு, அதுங்க சிகரெட் பிடிக்கறதை ஒரு டீச்சர் மூடி மறைக்கறாங்கன்னு. உன் பேரையும் போட்டேன், என் பேரையும் போட்டேன். மொட்டைக் கடுதாசி எழுதற வழக்கம் எனக்கில்லை.

உன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். மறைக்கறது எப்படி இருக்கும்னு நீ காட்டிக் கொடுத்துட்டே.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

உன் கடிதம் அவருடைய மேஜைமேல் இருந்தது. உன் எழுத்தைத் தலைகீழாக வைத்தாலும் எனக்குப் படிக்க வரும்.

"பேரெல்லாம் குடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"நான் கேக்கறேன் டீச்சர். உங்க வீட்டுப் பையனோட அம்மாவே கேக்கறாங்க. நாளைக்கு இன்னொரு அம்மா இங்க வந்து நின்னா நான் என்ன சொல்லட்டும்?"

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். முடியாது என்று தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, நீங்க சொல்ல வேண்டாம்" என்று தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். போன வருஷம் மைக்ராஸ்கோப் திருடுபோன பிறகு லேப் வராந்தாவில் ஒரு கேமரா வைத்தார்கள். அதை நான் மறந்தே போயிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் யார் யார் அந்தக் கதவுக்குள் போனார்கள் என்று அது ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் ஒரு பேரும் சொல்லவில்லை. எல்லாப் பேரும் வந்துவிட்டன.

பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் மேல் விசாரணை நடக்கிறது. அது நடக்கட்டும்.

புறாவின் அப்பா எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கையில் வார்னிஷ் கறையோடு வேலையிலிருந்து அப்படியே வந்தார். திட்டவில்லை, கத்தவில்லை. வகுப்பு வாசலில் போய் நின்றார். அவள் எழுந்தாள். அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவ்வளவுதான். மறுநாள் லைப்ரரி புத்தகங்களை யாரிடமோ கொடுத்தனுப்பினார்கள். இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாம். போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். சிகரெட்டை விட்ட பெண்ணை, சிகரெட் பிடிக்கிறாள் என்று கூட்டிப் போய்விட்டார் அக்கா.

அவளுக்கு இப்படி ஒரு அப்பா என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வாக்கு. அது உன் மகனுக்காக மட்டும் கொடுத்தது இல்லை.

வாண்டு சாப்பிடுகிறான், அறைக்குள் போகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். புகார் எழுதியது யார் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. இதையும் என் வாய்க்குள்ளேயே போட்டுப் பூட்டியாகிவிட்டது. இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறதோ தெரியவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 24

உனக்கு,

நாலு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். முதல் தாள்ல உன்னைத் திட்டியிருந்தேன். ரெண்டாவதுல அந்த அப்பனைத் திட்டியிருந்தேன். மத்த ரெண்டுல என்ன எழுதினேன்னு கேக்காதே.

உன்னை ஒரு தட்டு தட்டி வழிக்குக் கொண்டு வரணும்னுதான் எழுதினேன். நடுவுல ஒரு பொண்ணு நிக்கறது எனக்குத் தெரியாது. தெரியாதுங்கற வார்த்தை எவ்வளவு சுலபமா வருது பாரு. நீ எழுதியிருந்தே. புறான்னு பேரே வெச்சு எழுதியிருந்தே. என் பிள்ளையைப் பத்தி என்ன இருக்குன்னு தேடற அவசரத்துல அவளைத் தாண்டிப் போயிட்டேன்.

ஹெட்மாஸ்டருக்குத் திரும்ப எழுதினேன், இந்தத் தடவை ஈமெயில்ல, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு. பதில் வந்துச்சு. தங்கள் அக்கறைக்கு நன்றி, தங்கள் புகாரின் பேரில் புதிய விதி கொண்டு வந்திருக்கிறோம், பெற்றோர் சம்மதம் இல்லாமல் இனி எந்தக் குழுவும் கிடையாதுன்னு. நல்லது செஞ்ச மாதிரி எனக்கே நன்றி சொல்லியிருக்கார். கொட்டின பாலை வழிச்சு எடுக்கப் போனா மண்ணும் சேர்ந்து வருது.

அந்த அப்பாவோட நம்பர் கொடுப்பியா? கொடுக்க மாட்டே. கொடுத்தாலும் நான் என்ன பேசுவேன்? "ஏங்க, உங்க பொண்ணு விஷயம் வெளியில தெரிஞ்சது என்னாலதான், தயவு பண்ணி விட்டுடுங்க"ன்னா?

வாண்டுகிட்ட நீ சொல்லிடு, நான்தான் எழுதினேன்னு. இல்லை, வேண்டாம். நானே சொல்றேன். போனை எடுத்தான்னா சொல்றேன். எடுக்கறதில்லை. ஒரு வேளை தெரிஞ்சிருக்குமோ?

வார்டுல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு இருந்த ஒரு தாய் இன்னிக்கு என் கையைப் பிடிச்சு, "தூக்கிக்கவா?"ன்னு கேட்டா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மான்னேன். அவ கையை விடவே இல்லை.

அக்கா


செப்டம்பர் 7

அக்கா,

இது லேபுக்கு வெளியே நடந்தது. அதனால் எழுதலாம்.

போன வாரம் ஒரு பெண் ஓடி வந்து, "மிஸ், உங்க அக்கா பையன் மோட்டார் கடைக்குப் போயிருக்கான்" என்றாள். கையில் இருந்த சாக்பீஸைக்கூட வைக்காமல் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கடைக்குள் நின்றுகொண்டிருந்தான். கூட வந்த இரண்டு பையன்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே தரை முழுக்கப் பிரித்துப்போட்ட மோட்டார்கள், பழைய செம்புக் கம்பி. அவர் தலையைத் தூக்காமல் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"அங்கிள், அவ பிடிக்கறதுக்கு வரல. விடறதுக்கு வந்தா. எங்க எல்லாரையும் விட முன்னாடி விட்டது அவதான்."

அவர் சுற்றிக்கொண்டே கேட்டார். "நீ பிடிக்கறது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்கதான் ஸ்கூலுக்குப் புகார் எழுதினாங்க."

அவனுக்கு இது தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும் அக்கா.

அவர் இப்போது நிமிர்ந்தார். "பெத்த பிள்ளை மேலயா?"

"என் மேல இல்ல, டீச்சர் மேல. அவங்க ரொம்பத் தூரத்துல இருக்காங்க அங்கிள். கை எட்டல. அதான் கையில கிடைச்சதை எடுத்து வீசிட்டாங்க." கீழே கிடந்த கம்பியைத் தாண்டி ஒரு அடி முன்னால் வைத்தான். "நீங்க பக்கத்துலதான் இருக்கீங்க."

அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க அப்பவே என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அவ அடுத்த வாரம் வந்திருக்க மாட்டா. வராம இருந்திருந்தா இன்னும் பிடிச்சுக்கிட்டு இருப்பா."

"இப்ப மட்டும் வர்றாளா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே கேட்டார். உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வழியில் வாண்டிடம் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விசாரித்தபோது கடிதம் மேஜைமேலேயே கிடந்ததாம். "எங்க அம்மா எழுத்து எனக்குத் தெரியாதா சித்தி?" பின்னே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "உங்களுக்கு அம்மா மேல கோவம் வந்துடும்னு." ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, நான் அவனிடமிருந்தும் அவன் என்னிடமிருந்தும் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம்.

அதற்கு மறுநாளிலிருந்து புறா பள்ளிக்கு வருகிறாள். காலையில் அப்பா கொண்டுவந்து விடுகிறார், சாயங்காலம் மணி அடிக்கும் முன்பே கேட்டில் நிற்கிறார். குழுவுக்கு அனுப்ப மாட்டாராம். விசாரணை ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது. லேப் சாவியும் திரும்ப வந்துவிட்டது. ஆனால் பெற்றோர் சம்மதத்தோடு வருவது மூன்று பேர்தான், அதில் ஒருத்தன் நீ ஹெட்மாஸ்டருக்கு அனுப்பிய சம்மதத்தில் வருகிறவன். மற்றவர்கள் வீட்டில் "நாங்க எப்பவோ விட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டார்களாம். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அவர்களைப் பார்க்கிறேன். முன்னெல்லாம் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். இப்போது கையைப் பின்னால் கொண்டுபோகிறார்கள்.

நேற்று வராந்தாவில் புறா எதிரே வந்தாள். "மிஸ், இன்னும் பிடிக்கலை" என்றாள், நான் கேட்காமலே. கேட்டில் ஹார்ன் அடித்தது. ஓடிவிட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இன்னும் இருக்கிறது. ஆனால் அவன் உன்னைப் பற்றி அந்தக் கடையில் சொன்னதைக் கேட்ட பிறகு, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தங்கை


செப்டம்பர் 21

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை எடுத்துட்டுப் போய் வார்டு துணி அறையில உக்காந்து படிச்சேன். கை எட்டலன்னு சொன்னானாம். நான் பதினாலு பக்கம் எழுதினாலும் அப்படி எழுத வந்திருக்காது.

உன் கோவத்தை வெச்சுக்கோ. நான் வந்ததும் நேர்ல காட்டு. வாங்கிக்கறேன்.

நேத்து சாயங்காலம் அவனே கூப்பிட்டான். வேலை நேரத்துல போன் எடுக்கக் கூடாது இங்க. பேரைப் பாத்ததும் மறுபடி அந்தத் துணி அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். "அம்மா"ன்னான். எனக்குத்தான் வாய் நிக்காதே, கேட்டுட்டேன்.

"நான்தான் காரணமாடா?"

"எதுக்கும்மா?"

"நீ ஆரம்பிச்சதுக்கு. உன்னை விட்டுட்டு வந்ததுக்கு."

"இல்லம்மா. விளையாடி முடிச்சிட்டுப் பசங்க பிடிச்சாங்க. குடுத்தாங்க. முதல் தடவை வாந்தி வந்துச்சு. அடுத்த தடவை நல்லா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்கு முதல்ல மூச்சு வந்துச்சு. நிஜமா சொல்றேன், துணி மூட்டை மேல அப்படியே சாஞ்சுட்டேன். அடுத்த நிமிஷம் என்ன வந்துச்சு தெரியுமா? ஒரு மாதிரி வருத்தம். இத்தனை மாசமா நான் தூங்காம என்னை நானே கூண்டுல ஏத்தி நிக்க வெச்சிருக்கேன். கடைசியில அந்தக் கேஸ்ல என் பேரே இல்லை. பையன் கெட்டுப்போறப்ப அம்மா ஞாபகம்கூட வரலை. இதுக்குச் சந்தோஷப்படணும்னு எனக்கே புரியுது. பட்டுக்கிட்டு இருக்கேன், மெதுவா.

இதை நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். அக்காவைத் தேத்தறதுக்குச் சொல்றியோன்னு நினைச்சிருப்பேன். அதுக்காக நீ செஞ்சது எல்லாம் சரின்னு ஒத்துக்கிட்டதா நினைக்காதே. அதை நேர்ல பேசிக்கலாம்.

"இன்னிக்குப் பிடிச்சியா?"ன்னு கேட்டேன்.

"காலையில ஒண்ணு."

திட்டறதுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"இப்ப ஒண்ணு பிடிக்கணும் போல இருக்கும்மா. ரொம்ப. யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அதான் கூப்பிட்டேன்."

பிள்ளைகிட்ட இது வரைக்கும் நான் பேசினதெல்லாம் கேள்விதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சாப்பிட்டியா, படிச்சியா, எங்க போனே. அதெல்லாம் விட்டுட்டு வார்டுல இருக்கற குழந்தைங்களைப் பத்திச் சொன்னேன். ஒருத்தன் இருக்கான், தும்மல் வந்தா தன் தும்மலுக்கே பயந்து கையை விரிப்பான்னு சொன்னேன். சிரிச்சான். இன்னொருத்தி மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டே இருப்பான்னு சொன்னேன். "ரௌடியா?"ன்னான். ஆமா, இந்த வார்டுலயே பெரிய ரௌடின்னேன். அவன் மூச்சு எனக்குக் கேட்டுச்சு, வேகமா, அப்புறம் அவ்வளவு வேகமா இல்லாம.

வெளியில மேட்ரன் கதவைத் தட்டினாங்க. வர்றேன் மேடம்னு குரல் கொடுத்தேன். மறுபடி தட்டினாங்க. போகலைன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்.

"வெச்சிடட்டுமாடா?"ன்னேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா"ன்னான்.

நான் வெக்கலை.

அக்கா